ஓரிகானோ வளர்க்கிறது எப்படி: கட்டிங் வைக்கிறதுல இருந்து காயவச்சு டப்பாவுல போடுற வரைக்கும்

என்கிட்ட ஓரிகானோ கட்டிங் (நட்டு வேர் விட வைக்கிறதுக்கு வெட்டின தண்டு) வாங்கிட்டுப் போறவங்கள்ல பாதி பேர் ஒரு மாசம் கழிச்சு வந்து சொல்றது ஒரே வசனம்தான். "தினமும் தண்ணி ஊத்தினேன், உரம் வச்சேன், வெயில் படாம பாத்துக்கிட்டேன், ஆனாலும் செத்துப்போச்சு." அதுல "ஆனாலும்"ங்கிறதை எடுத்துட்டு "அதனாலதான்"னு போட்டுக்கோங்க, கணக்கு சரியா வந்துரும். ஓரிகானோங்கிறது பீட்ஸா, சாஸ்ல போடுற மூலிகை; மத்தியதரைக்கடல் ஓரத்துல, கல்லும் பாறையுமா இருக்கிற சரிவுல, தண்ணி நிக்காத காஞ்ச மண்ணுல வளர்ந்து பழகின செடி. ரோஜாவைப் பாத்துக்கிற மாதிரி பாத்துக்கிட்டா தாங்காது.

இன்னொரு விஷயம், வரிசை முக்கியம். நிறைய பேர் முதல்ல செடியை வாங்கிட்டு அப்புறம் எங்க வைக்கிறதுன்னு யோசிக்கிறாங்க, செடி நாலு நாள் நிழல்ல ஒரு மூலையில கெடக்கும், அதுக்குள்ள பாதி ஜீவன் போயிரும். அதனால நான் சொல்ற வரிசையிலயே போங்க.

முன்னாடியே எடுத்து வைக்க வேண்டியது

25 செமீ அகலம், 20 செமீ ஆழம் இருக்கிற ஒரு தொட்டி, அடியில ஓட்டை கட்டாயம். மண் தொட்டி கிடைச்சா ரொம்ப நல்லது, ஏன்னா பக்கவாட்டுல ஈரம் ஆவியாகிக்கிட்டே இருக்கும். சாதா தோட்ட மண்ணு, பெரும்பருக்கையா இருக்கிற மணல் இல்லன்னா பெர்லைட் (மண்ணுல கலக்குற, எடை கம்மியான வெள்ளைக் குருணை), கொஞ்சம் மண்புழு உரம். கட்டிங் வைக்க கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பை. கூரான கத்திரிக்கோல். தண்ணி தெளிக்க ஒரு ஸ்ப்ரே பாட்டில். அவ்வளவுதான், வேர் வளர்ச்சி பவுடர், ஸ்பெஷல் மூலிகை உரம்னு விக்கிறதெல்லாம் இதுக்குத் தேவையே இல்ல.

1. எது ஓரிகானோன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

இங்கயே நெறைய பேர் வழுக்கி விழறாங்க. ஓரிகானோன்னு பேர் எழுதி விக்கிற செடியெல்லாம் ஒரே செடி இல்ல.

கிரேக்க ஓரிகானோதான் சமையலுக்கு. இலை சின்னதா, லேசா ரோமம் படிஞ்சு இருக்கும், பூ வெள்ளையா வரும், மென்னா நாக்கு காரமா சுருக்குன்னு இருக்கும், கொஞ்ச நேரத்துல நாக்கே லேசா மரத்துப்போகும். அந்தக் காரம் கார்வக்ரால்ங்கிற எண்ணெய்ப் பொருளால வர்றது. சாதாரண ஓரிகானோன்னு ஒண்ணு இருக்கு, பூ ஊதா இல்ல ரோஸ் கலர்ல அழகா இருக்கும், ஆனா வாசனை சப்புன்னு இருக்கும். அழகுக்கு வைக்கலாம், சாஸ்ல போட்டா புல்லு போட்ட மாதிரிதான்.

மார்ஜோரம்னு ஒரு சொந்தக்காரச் செடி, பாக்க அச்சு அசலா அப்படியே இருக்கும், ஆனா மணம் இனிப்பா மெதுவா இருக்கும், காரம் இருக்காது. அப்புறம் நம்ம கற்பூரவல்லி. அதை "கியூபன் ஓரிகானோ"ன்னு சொல்றாங்க, இலை தடிமனா சதைப்பத்தா இருக்கும். கிரேக்க ஓரிகானோவுலயும் இதுலயும் கார்வக்ரால் இருக்கிறதால வாசனையில ஒரு சாயல் தெரியும், ஆனா இது ஓரிகானோவும் இல்ல, காயவச்சு பொடிக்கிறதுக்கும் சரியா வராது, இலை முழுக்க தண்ணிதானே. மெக்சிகன் ஓரிகானோவோ குடும்பமே வேற.

அதனால வாங்கும்போது பேர்ப்பலகையை நம்பாதீங்க. கேட்டுக்கிட்டு ஒரே ஒரு இலையைக் கிள்ளி கசக்கி மோந்து பாருங்க, மருந்து எதுவும் அடிக்கலன்னு தெரிஞ்சா கொஞ்சம் மென்னும் பாருங்க. காரம் இல்லன்னா வாங்காதீங்க, வீட்டுக்கு வந்து வளர்ந்தப்புறம் வாசனை வரும்னு விக்கிறவங்க சொல்லுவாங்க, வராது.

2. இடம்

ஒரு நாளைக்கு 6 மணி நேரம் நேரடி வெயில் வேணும். ஜன்னல் பக்கம் வெளிச்சமா இருக்குங்கிறது வேற, வெயில் விழறது வேற. வெயில் பத்தலன்னா தண்டு நீளமா மெலிஞ்சு சாஞ்சு போகும், கணுவுக்கு கணு இடைவெளி கூடிரும், இலையில எண்ணெய் குறையும். மணமே அந்த எண்ணெய்தான், அது போனா வளர்த்து என்ன பிரயோஜனம்.

ஒரு நாள் உக்காந்து அந்த இடத்துல எத்தனை மணில இருந்து எத்தனை மணி வரைக்கும் வெயில் விழுதுன்னு பாத்து எழுதி வச்சுக்கோங்க. கொளுத்துற வெயில் காலத்துல மட்டும் மத்தியானம் லேசா நிழல் கெடச்சா நல்லது, காலை வெயில் முழுசா கெடைக்கணும். காத்தோட்டமும் வேணும், சுவரை ஒட்டி மூலையில நெருக்கி வச்சா ஈரம் இலையிலயே தங்கி பூஞ்சை புடிக்கும்.

3. மண் கலவை

தோட்ட மண்ணு 2 பங்கு, மணல் இல்ல பெர்லைட் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. இதுக்கு மேல உரம் சேக்காதீங்க. "இவ்வளவு மணலா?"ன்னு எல்லாரும் கேப்பாங்க, ஆமா இவ்வளவுதான். மணல் மாவு மாதிரி நைசா இருக்கக்கூடாது, நைஸ் மணல் மண்ணோட சேந்து சிமெண்ட் மாதிரி இறுகிக்கும், பருக்கை பருக்கையா இருக்கிறதுதான் வேணும். கடல் மணல் வேண்டவே வேண்டாம், உப்பு.

கலந்ததுக்கு அப்புறம் ஒரு சோதனை: லேசா ஈரமாக்கி ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் புடிங்க, கையைத் திறந்து விரலால ஒரு தட்டு தட்டுங்க. பொலபொலன்னு உதிர்ந்தா சரி. உருண்டையா அப்படியே நின்னா இன்னும் மணல் சேருங்க. மண்ணோட பிஎச் (புளிப்புத்தன்மையைக் காட்டுற எண்) 6.5ல இருந்து 7.5 வரைக்கும் இருந்தா நிம்மதியா வளரும், கொஞ்சம் சுண்ணாம்புத்தன்மை இருந்தாலும் கோச்சுக்காது, புளிச்ச மண்ணுதான் ஆகாது.

தொட்டி அடியில கல்லு, ஓட்டாஞ்சில்லு ஒரு அடுக்கு போட்டா தண்ணி நல்லா வடியும்னு எல்லாரும் சொல்லிக் கேட்டிருப்பீங்க. நானும் பல வருஷம் அப்படித்தான் போட்டுக்கிட்டு இருந்தேன். உண்மையில தண்ணி நைசான மண்ணுல இருந்து பெரிய கல்லு இடுக்குக்கு சட்டுனு இறங்காது, கல்லுக்கு மேலயே தேங்கி நிக்கும், அதாவது சகதியா இருக்கிற அடுக்கு வேருக்கு இன்னும் பக்கத்துல ஏறி வந்துருது. ஓட்டை மேல ஒரு துண்டு கொசுவலை போட்டு மேல வரைக்கும் ஒரே கலவையை நிரப்புங்க, போதும்.

4. விதையா, கட்டிங்கா, செடியா

என் தீர்ப்பு: கட்டிங். விதை கடைசி வழி. காரணம் சோம்பேறித்தனம் இல்ல. விதையில வர்ற ஓரிகானோ ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், தேனீ எந்தச் செடியில இருந்து மகரந்தம் கொண்டுவந்துச்சோ யாருக்குத் தெரியும், பத்து நாத்துல ரெண்டுதான் நல்ல காரமா வரும். கட்டிங்ல தாய்ச்செடியோட மணம் அப்படியே வரும், அதுவும் சீக்கிரமா.

*கட்டிங் வைக்கிற முறை.* காலையில, செடி தண்ணி குடிச்சு விறைப்பா இருக்கும்போது எடுங்க. பூ வந்த தண்டு வேண்டாம், அது தன் சத்தையெல்லாம் பூவுக்குக் குடுத்துட்டு இருக்கும், வேர் விட மனசு வராது. ரொம்ப இளசா தொவண்டு போற நுனியும் வேண்டாம், பழுப்பா கட்டையான தண்டும் வேண்டாம், ரெண்டுக்கும் நடுவுல வளைச்சா லேசா எதிர்த்து நிக்கிற பச்சைத்தண்டு. 8ல இருந்து 10 செமீ நீளம். கணுவுக்கு நேர் கீழ வெட்டுங்க, ஏன்னா வேர் முக்கியமா கணுவுல இருந்துதான் கிளம்பும். கீழ இருக்கிற இலையெல்லாம் உருவிட்டு மேல மட்டும் ரெண்டு மூணு ஜோடி விடுங்க. இலை மண்ணுக்குள்ள போனா அழுகும், அழுகல் தண்டுக்குப் பரவும்.

கோகோபீட்டும் பெர்லைட்டும் பாதிக்குப் பாதி கலந்து நனைச்சு, கையால புழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு மட்டும் வர்ற ஈரத்துல வச்சு, குச்சியால ஓட்டை போட்டு ரெண்டு கணு உள்ள போற மாதிரி சொருகுங்க. நேரா குத்தினா தோல் உரிஞ்சிரும், அதுக்குத்தான் குச்சி. மேல ஒரு பிளாஸ்டிக் கவரை லூசா கவுத்துங்க, தினமும் கொஞ்ச நேரம் திறந்து காத்து விடுங்க. வெளிச்சம் இருக்கணும், நேர் வெயில் கூடாது. வேரே இல்லாத தண்டு, இழக்கிற தண்ணியை எங்க இருந்து எடுக்கும்?

2ல இருந்து 3 வாரத்துல வேர் வந்துரும். இந்த இடத்துலதான் பொறுமை சோதனை. மூணாம் நாளே புடுங்கிப் பாக்குறவங்களை எனக்கு நல்லாத் தெரியும், பாத்துட்டு திரும்ப சொருகுவாங்க, அஞ்சாம் நாள் இன்னொரு தடவை. அப்பத்தான் நூல் மாதிரி வெளிய வந்த வேர் அத்தனையும் முறிஞ்சு போகும். நுனியில புது இலை வர்றதைப் பாருங்க, அதுக்கப்புறம் லேசா இழுத்தா எதிர்ப்பு தெரிஞ்சா வேர் வந்தாச்சு. எப்பவும் ஆறு ஏழு கட்டிங் வையுங்க, ரெண்டு மூணு போகும், அது சகஜம்.

தண்ணி டம்ளர்ல போட்டும் வேர் வரும். ஆனா தண்ணியில வர்ற வேர் கண்ணாடி மாதிரி முறியும், மண்ணுக்கு மாத்தும்போது செடி ஒரு வாரம் முழிக்கும். அப்படி வைக்கிறவங்க வேர் 2 செமீ ஆனதுமே மண்ணுக்கு மாத்திருங்க, கொத்தா தொங்குற வரைக்கும் ரசிச்சுக்கிட்டு இருக்காதீங்க.

*பதியம்.* வளர்ந்த செடி வச்சிருக்கிற யாராவது பக்கத்துல இருந்தா இதைவிட சுலபம் கிடையாது. தரையை ஒட்டிப் படர்ற தண்டு ஒண்ணை மண்ணுல அமுக்கி மேல கொஞ்சம் மண்ணு போட்டு ஒரு கல்லை வச்சிருங்க. நாலஞ்சு வாரத்துல அங்க வேர் விட்டிருக்கும், தாய்கிட்ட இருந்து வெட்டி எடுத்துக்கலாம்.

*விதைதான் கிடைச்சுதுன்னா.* விதை தூசி மாதிரி இருக்கும். ஈர மண்ணு மேல தூவி விரலால லேசா அழுத்துங்க, மேல மண்ணு போட்டு மூடாதீங்க, இது முளைக்க வெளிச்சம் வேணும். விதை முளைக்கலன்னு சொல்றவங்கள்ல முக்கால்வாசி பேர் அரை இஞ்ச் மண்ணுக்குள்ள பொதைச்சவங்கதான். 20 டிகிரி பக்கம் சூடு இருந்தா 7ல இருந்து 14 நாள்ல முளைக்கும். பூவாளியில ஊத்தினா விதையெல்லாம் ஒரு ஓரமா ஒதுங்கிரும், ஸ்ப்ரே மட்டும் பண்ணுங்க, இல்ல தட்டுல தண்ணி வச்சு அடியில இருந்து உறிஞ்ச விடுங்க. தட்டு மேல கவர், மூடி ஏதாவது போட்டிருந்தா முளைச்சதும் எடுத்துருங்க, புழுக்கத்துல நாத்தோட கழுத்து அழுகி ஒரே ராத்திரியில எல்லாம் படுத்துக்கும். 6 செமீ வளர்ந்ததும் ஒவ்வொரு நாத்தோட இலையையும் மோந்து பாத்து காரமா இருக்கிறதை மட்டும் வச்சுக்கோங்க.

5. நடுறது

பழைய தொட்டியில வேரோட மண்ணுக்கட்டி எந்த மட்டத்துல இருந்துச்சோ அதே மட்டத்துல நடுங்க, கழுத்து வரைக்கும் பொதைக்காதீங்க. சின்னச் செடியை பெரிய டிரம்ல நட்டு "அது பாட்டுக்கு வளரட்டும்"னு விடுறது தப்பு, வேர் எட்டாத மண்ணு ஈரமாவே கெடந்து புளிக்கும். தரையில நட்டா செடிக்குச் செடி 25ல இருந்து 30 செமீ. முதல் ஒரு வாரம் பாதி நிழல்ல வச்சு, தினமும் கொஞ்சம் கொஞ்சமா வெயில் நேரத்தைக் கூட்டி, அப்புறம் முழு வெயிலுக்குக் கொண்டு போங்க.

ஒரே தொட்டியில புதினா, துளசி வகையோட சேத்து நடாதீங்க. அதுங்களுக்கு தினமும் தண்ணி வேணும், இதுக்கு அது விஷம், யாரோ ஒருத்தர் சாகத்தான் செய்வாங்க. தைம், ரோஸ்மேரி, சேஜ் கூட வைக்கலாம், எல்லாம் ஒரே குணம்.

6. தண்ணி

இந்த வழிகாட்டியில ஒரே ஒரு பகுதிதான் படிப்பேன்னா இதைப் படிங்க.

கிழமை பாத்து தண்ணி ஊத்தாதீங்க. "ரெண்டு நாளைக்கு ஒரு தடவை"ன்னு யாராவது சொன்னா அது அவங்க தொட்டிக்கு, அவங்க வெயிலுக்கு. விரலை மண்ணுக்குள்ள 3, 4 செமீ விட்டுப் பாருங்க. ஈரம் ஒட்டினா போயிருங்க, நாளைக்கு வாங்க. காஞ்சிருந்தா அடி ஓட்டை வழியா வர்ற வரைக்கும் நல்லா ஊத்துங்க. அரை டம்ளர் அரை டம்ளரா தினமும் ஊத்துறதுதான் ரொம்ப மோசம், மேல மட்டும் ஈரமாகும், வேரும் மேலயே சுத்திக்கிட்டு இருக்கும், ஒரு நாள் வெயில் அடிச்சா தாங்காது. பழகினதுக்கு அப்புறம் விரலே வேண்டாம், தொட்டியைத் தூக்கிப் பாத்தாலே கனம் சொல்லிரும்.

இப்ப எல்லாரும் மாட்டிக்கிற ஒரு பொறி. தண்ணி கம்மியானாலும் செடி வாடும், தண்ணி ஜாஸ்தியானாலும் வாடும். ஜாஸ்தியானா வேர் மூச்சு விட முடியாம அழுகும், அழுகின வேரால தண்ணியை உறிஞ்ச முடியாது, அதனால ஈர மண்ணுலயே செடி தாகத்துல தொங்கும். பாக்குறவங்க "ஐயோ வாடுதே"ன்னு இன்னும் ஒரு செம்பு ஊத்துவாங்க, கதை முடிஞ்சுது. வாடினதைப் பாத்ததும் முதல்ல மண்ணைத் தொடுங்க. மண்ணு காஞ்சு, இலை மொறுமொறுன்னு இருந்தா தண்ணி வேணும். மண்ணு ஈரமா, கீழ் இலை மஞ்சளாகி, தண்டு அடி கறுத்து இருந்தா வேர் அழுகல். அப்ப செடியை வெளிய எடுத்து, பழுப்பா கொழகொழன்னு இருக்கிற வேரை வெட்டிட்டு, புது கலவையில மாத்தி, மேல இருக்கிற தண்டையும் பாதி குறைச்சு விடுங்க. தேறலாம், தேறாமலும் போகலாம். அதனால அதே நேரத்துல நல்லா இருக்கிற நுனியில நாலு கட்டிங் எடுத்து வச்சுருங்க, அது பாதுகாப்பு.

தொட்டிக்கு கீழ வைக்கிற தட்டுல தண்ணி நின்னா கொட்டிருங்க. காலையில ஊத்துங்க, மண்ணுல ஊத்துங்க, இலை மேல குளிப்பாட்டாதீங்க. அடை மழை நாள்ல தொட்டியை கூரைக்கு அடியில நகத்துங்க, இதுக்கு மழையை ரசிக்கிற குணம் கிடையாது.

7. உரம்

2, 3 மாசத்துக்கு ஒரு தடவை ஒரு கைப்பிடி மண்புழு உரம், அதுவும் தொட்டிச் செடிக்கு மட்டும். தரையில இருக்கிறதுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போதும். தழைச்சத்து ஜாஸ்தியா போட்டா இலை பெருசா தளதளன்னு வரும், பாக்கிறவங்க பாராட்டுவாங்க, ஆனா வாயில போட்டா மணம் நீர்த்துப் போயிருக்கும், பூச்சியும் அந்த இளசான இலைக்குத்தான் வரும்.

8. கிள்ளுறது

செடி 12ல இருந்து 15 செமீ உயரம் ஆனதும் நுனியை ஒரு கணுவுக்கு மேல கிள்ளிருங்க. புதுசா வர்றவங்களுக்கு கை நடுங்கும், இப்பத்தான் வளருது, அதை ஏன் வெட்டணும்னு. நுனி மொட்டு இருக்கிற வரைக்கும் அது கீழ் கணு மொட்டையெல்லாம் தூங்க வச்சிருக்கும். நுனி போனதும் கணுவுக்கு ரெண்டு கிளை வரும். அந்த ரெண்டு வளர்ந்ததும் அதையும் கிள்ளினா நாலு. இப்படி மூணு சுத்து போனா ஒத்தைக் குச்சியா நின்ன செடி பந்து மாதிரி ஆயிரும்.

இங்க நான் பாக்குற பெரிய தப்பு, தேவைப்படும்போதெல்லாம் அடியில இருக்கிற பெரிய இலையா பாத்து ஒண்ணு ஒண்ணா பறிக்கிறது. செடியை காயப்படுத்தக்கூடாதுன்னு நெனச்சு செய்யறாங்க. ஆனா நுனி அப்படியே இருக்கிறதால கிளை வராது, கீழ மொட்டையாகி மேல மட்டும் நாலு இலையோட தென்னை மரம் மாதிரி நிக்கும். இலை வேணும்னா தண்டோட வெட்டுங்க. அதுதான் செடிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

ஒரு தடவையில மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்காதீங்க, மிச்ச இலைதான் அடுத்த தளிருக்கு சாப்பாடு சமைக்கணும்.

9. பூச்சி, நோய்

எண்ணெய் வாசனையால இதுக்கு தொல்லை கம்மிதான். தளிர்ல அசுவினி (சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சி) வந்தா தண்ணியை வேகமா பீச்சி அடிச்சாலே பாதி போயிரும். காஞ்ச வெயில் காலத்துல இலை மேல வெளிறின புள்ளி புள்ளியா, அடியில மெல்லிசா வலை மாதிரி இருந்தா செம்பேன், இலையோட அடிப்பக்கத்தைக் கழுவணும், அங்கதான் உக்காந்திருக்கும். அதுக்கும் அடங்கலன்னா வேப்பெண்ணெய் கரைசல் சாயங்காலம் தெளிங்க, பாட்டில்ல போட்டிருக்கிற அளவுப்படி. அப்புறம் அது கழுவிப் போய் புது இலை வர்ற வரைக்கும் சமையலுக்குப் பறிக்காதீங்க, கசக்கும். இலை அடியில துரு நிறத்துல புள்ளி வந்தா துரு நோய், அந்தத் தண்டையெல்லாம் வெட்டி குப்பையில போடுங்க, கம்போஸ்ட்ல போடாதீங்க.

10. அறுவடை

கட்டிங்ல வந்த செடின்னா நட்டு ஒண்ணரை ரெண்டு மாசத்துல எடுக்க ஆரம்பிக்கலாம், விதைன்னா மூணு மாசமாவது ஆகும். சமையலுக்கு அப்பப்ப நாலு தண்டு எடுக்கிறதுக்கு நேரம் காலம் இல்ல. காயவைக்கிறதுக்கு மொத்தமா வெட்டுறதுக்குத்தான் நேரம் பாக்கணும். மொட்டு கட்டி, பூ இன்னும் விரியாத அந்த ஒரு வாரம், அப்பத்தான் இலையில எண்ணெய் உச்சத்துல இருக்கும். காலையில பனி காஞ்சதும், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வெட்டுங்க.

முந்தின நாள் காலையிலயே செடிக்கு மேல தண்ணியை தெளிச்சு தூசியைக் கழுவி விட்டுருங்க. (இலை மேல ஊத்தாதீங்கன்னு சொன்னது ஞாபகம் இருக்கு, இது ஒரு நாள் விதிவிலக்கு.) வெட்டினதுக்கு அப்புறம் கழுவினா அந்த ஈரம் காயவே ஒரு நாள் ஆகும், கொத்துக்கு நடுவுல கறுத்துப்போகும்.

பூக்க விட்டுட்டீங்கன்னா ஒண்ணும் குடி முழுகிப் போகல. பூவையும் சாப்பிடலாம், தேனீ கூட்டமா வரும். பூத்து முடிச்சதும் அடியில புதுத் தளிர் தெரியும், அதுக்கு மேல வெட்டி விட்டா திரும்ப துளிர்க்கும்.

11. காயவைக்கிறது

10, 15 தண்டா சேத்து ரப்பர் பேண்ட் போட்டு தலைகீழா தொங்க விடுங்க. நூல் கட்டினா தண்டு சுருங்கினதும் ஒண்ணொண்ணா கீழ விழும், ரப்பர் பேண்ட் கூடவே சுருங்கும். பெரிய கொத்தா கட்டினா நடுவுல பூஞ்சை. நிழல், காத்து, வெயில் படாத இடம். மொட்டை மாடியில வெயில்ல பரப்பினா ஒரே நாள்ல காயும், ஆனா பச்சை நிறமும் எண்ணெயும் வெயிலோட போயிரும், மிஞ்சுறது சருகு.

காத்துல ஈரம் கம்மியா இருந்தா 7ல இருந்து 10 நாள். ஈரமான காலத்துல ஃபேன் ஓடுற ரூம்ல வையுங்க, இல்லன்னா ஓவன், டிஹைட்ரேட்டர் (உணவு காயவைக்கிற மிஷின்) இருந்தா 40 டிகிரிக்கு மேல போகாம பாத்துக்கோங்க. ஓவன்ல அவ்வளவு கம்மியா வைக்க முடியலன்னா கதவை கொஞ்சம் திறந்தே வையுங்க. வீடெல்லாம் ஓரிகானோ வாசனை கமகமன்னு அடிச்சா சந்தோஷப்படாதீங்க, இலையில இருக்க வேண்டியது காத்துல போய்க்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

இலையைக் கசக்கினா சத்தத்தோட நொறுங்கணும், தண்டு வளையாம பட்டுனு ஒடியணும். ரெண்டும் ஆனாத்தான் காஞ்சுதுன்னு கணக்கு. காஞ்சா எடை கால்வாசிக்கும் கீழ வந்துரும், ஒரு கூடை வெட்டினேன் ஒரு சின்ன பாட்டில்தான் தேறிச்சுன்னு பயப்படாதீங்க.

12. எடுத்து வைக்கிறது

இலையை தண்டுல இருந்து உருவி, முழு இலையாவே கண்ணாடி பாட்டில்ல போடுங்க. பொடி பண்ணி வச்சா மணம் சீக்கிரம் போயிரும், பயன்படுத்துறப்ப நொறுக்கிக்கலாம். முதல் ரெண்டு மூணு நாள் மூடியோட உள்பக்கத்தைப் பாருங்க, பனி மாதிரி படிஞ்சிருந்தா இன்னும் ஈரம் இருக்கு, வெளிய எடுத்து திரும்ப காயவையுங்க. அடுப்புக்கு மேல இருக்கிற அலமாரியில வைக்காதீங்க, சூடும் ஆவியும் அங்கதான். இருட்டா குளுமையா இருக்கிற இடத்துல ஒரு வருஷம் வரைக்கும் நல்லா இருக்கும். கசக்கி மோந்து பாத்து வாசனை இல்லன்னா தூக்கிப் போட்டுருங்க.

பச்சையா வைக்கணும்னா பொடியா நறுக்கி ஐஸ் ட்ரேயில தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வையுங்க. சாஸ்ல அப்படியே ஒரு கட்டியைப் போடலாம்.

எண்ணெய்ல ஊறப்போட்டு வைக்கிறவங்க கவனமா கேளுங்க. பச்சை இலையையும் பூண்டையும் எண்ணெய்ல போட்டு கிச்சன் மேடையில வாரக்கணக்கா வைக்கிறது ஆபத்து. காத்து இல்லாத, புளிப்பு இல்லாத, ஈரம் இருக்கிற இடத்துல பாட்டுலிசம் கிருமி விஷத்தை உண்டாக்கும், நிறமோ வாசனையோ மாறாது, கண்டுபுடிக்கவே முடியாது. பண்ணினா ஃப்ரிட்ஜ்ல வச்சு 3, 4 நாளுக்குள்ள முடிச்சுருங்க, இல்லன்னா ஃப்ரீசர். கடையில சின்ன பாட்டில்ல விக்கிற ஓரிகானோ எசென்ஷியல் ஆயில் முழுக்க வேற விஷயம், ரொம்ப வீரியமானது, அதை சமையல்ல ஊத்தாதீங்க.

13. சமையல்ல எப்ப, எவ்வளவு

பெரும்பாலான மூலிகைக்கு பச்சைதான் ஒசத்தி, ஓரிகானோவுல கதை தலைகீழ். காஞ்சா பச்சை வாடை அடங்கி மணம் திரண்டு நிக்கும். பச்சை இலை 1 டேபிள்ஸ்பூன் போடுற இடத்துல காஞ்சது 1 டீஸ்பூன் போதும்.

காஞ்சதை முதல்லயே போடுங்க, எண்ணெய்ல பூண்டு வதங்கினதும் உள்ளங்கையில வச்சு தேய்ச்சுத் தூவுங்க, அந்த எண்ணெய் மணம் கொழுப்புலதான் நல்லா கரையும். பச்சை இலையை இறக்குறதுக்கு 5 நிமிஷம் முன்னாடி. தக்காளி சாஸ்னா அரை கிலோ தக்காளிக்கு காஞ்சது 1 டீஸ்பூன்ல ஆரம்பிங்க, ருசி பாத்துட்டு கூட்டிக்கலாம். ஜாஸ்தியா போனா கசப்பு வரும், அதை சரி பண்ண வழி கிடையாது, சர்க்கரை போட்டா இனிப்பும் கசப்பும் சேந்து இன்னும் மோசமாத்தான் ஆகும்.

பீட்ஸாவுக்கு சாஸ் மேல தூவி அதுக்கு மேல சீஸ் போடுங்க. சீஸ் மேல தூவினா ஓவன் சூட்டுல கருகிரும். எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய், நசுக்கின பூண்டு, உப்பு, ஓரிகானோ, இந்த அஞ்சும் கலந்து கோழி, பனீர், உருளைக்கிழங்கு எதுல வேணாலும் அரை மணி நேரம் ஊறவச்சு சுட்டுப் பாருங்க. இந்தச் செடி வளர்க்க எனக்கு இது ஒண்ணே போதும்.

14. செடி வயசானா

3, 4 வருஷம் ஆனா நடுவுல கட்டையாகி, ஓரத்துல மட்டும் பச்சை இருக்கும், மணமும் குறையும். அதுவரைக்கும் காத்திருக்காம ரெண்டாம் வருஷத்துலயே அதுல இருந்து நாலு கட்டிங் எடுத்து இன்னொரு தொட்டி தயார் பண்ணி வச்சுக்கோங்க. தரையில இருக்கிற செடின்னா தோண்டி எடுத்து வேரோட மூணு நாலா பிரிச்சு, நடு கட்டையை எறிஞ்சிட்டு ஓரத்துத் துண்டை நடலாம். பழைய தொட்டி மண்ணை அப்படியே திரும்பப் பயன்படுத்தாதீங்க, மண்ணு இறுகிப் போயிருக்கும், கொட்டி உதிர்த்து, புதுசா மணல் ஒரு பங்கு சேத்து, அந்த கைப்பிடி சோதனையை திரும்ப பண்ணிட்டு நடுங்க.